யாருக்கு யார் எதிரி, யாருக்கு யார் துணை? உயிரினங்களின் உறவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் இதை ஒரு அட்டவணையாகப் படித்திருப்போம். இரண்டு பேருக்கும் லாபம் என்றால் கூட்டல்-கூட்டல், ஒருவருக்கு லாபம் இன்னொருவருக்கு நட்டம் என்றால் கூட்டல்-கழித்தல். அந்த அட்டவணை தப்பில்லை. ஆனால் அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு காட்டையோ கடலையோ பார்த்தால் குழப்பம்தான் வரும், ஏனென்றால் அங்கே எந்த உறவும் இரண்டு பேரோடு நிற்பதில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்தால் கணக்கு மாறிவிடுகிறது, சில நேரம் தலைகீழாகவே. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

உயிரினச் சமுதாயம் என்பதும் சூழல்மண்டலம் என்பதும் ஒன்றா?

இல்லை. ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒரே இனத் தவளைகள் எல்லாம் சேர்ந்தால் அது ஓர் இனக்கூட்டம். தவளை, மீன், பாசி, கொசுப்புழு, தும்பி, சேற்றில் கிடக்கும் பாக்டீரியா எல்லாவற்றையும் சேர்த்தால் சமுதாயம். அதோடு தண்ணீர், வெயில், மண்ணில் உள்ள சத்து என்று உயிரில்லாதவையும் சேர்ந்தால் சூழல்மண்டலம். இந்தப் பக்கத்தில் பேசப்போவது நடுவில் உள்ளதைப் பற்றி.

உறவுகளில் எத்தனை வகை?

பாடநூல்கள் பொதுவாக ஆறு சொல்லும். போட்டி (இருவருக்கும் நட்டம்), கொன்று தின்னுதல், ஒட்டுண்ணி வாழ்க்கை (இரண்டிலும் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம்), இருவருக்கும் லாபம் தரும் பரஸ்பர வாழ்வு, ஒருவர் மட்டும் உதவி பெற்று மற்றவருக்கு லாபமும் நட்டமும் இல்லாத உறவு, அப்புறம் ஒருவருக்குக் கேடு, மற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற உறவு. கடைசி வகைக்கு உதாரணம், யானை நடந்து போகும் வழியில் நசுங்கும் புல்லும் பூச்சியும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதில் நேரம் போக்க வேண்டாம். இவை உயிரினங்கள் மேல் நிரந்தரமாகக் குத்திய முத்திரைகள் இல்லை, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் போட்ட வரவு செலவுக் கணக்கு என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

ஒரே உணவைத் தின்னும் இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் வாழ முடியாதா?

எல்லா விதத்திலும் ஒரே மாதிரி வாழ்ந்தால் முடியாது, ஒன்று மற்றொன்றை வெளியேற்றிவிடும். 1934-ல் கியோர்கி காஸ் என்ற ரஷ்ய அறிவியலாளர், அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை, பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை வைத்து இதைக் காட்டினார். இரண்டு வகைப் பாரமீசியத்தைத் தனித்தனிக் குழாயில் வளர்த்தால் இரண்டும் நன்றாகப் பெருகின. ஒரே குழாயில் விட்டால் சில நாட்களில் ஒன்று மட்டுமே மிஞ்சியது, ஒவ்வொரு முறையும் அதே வகைதான் வென்றது. ஆனால் தோற்ற வகையை மூன்றாவது வகை ஒன்றோடு சேர்த்து விட்டபோது இரண்டுமே பிழைத்தன. காரணம், ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தின்றது, மற்றது குழாயின் அடியில் படிந்த ஈஸ்டைத் தின்றது. குழாய் ஒன்றுதான், பந்தி வேறு.

அந்த 'பந்தி'யைத்தான் செயல் வாழிடம் என்கிறோம். ஓர் உயிரினம் எங்கே இருக்கிறது என்பதோடு என்ன தின்கிறது, எப்போது தின்கிறது, எவ்வளவு வறட்சியைத் தாங்கும் என்பதெல்லாம் சேர்ந்தது அது. அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில் ஐந்து வகைக் கதிர்க்குருவிகள் ஒரே மரத்தில் பூச்சி பிடிப்பதை ராபர்ட் மெக்ஆர்தர் 1958-ல் எழுதினார். பார்த்தால் ஐந்தும் ஒரே வேலை செய்வது போலத் தெரியும். மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தபோது ஒன்று உச்சிக் கிளையின் நுனியிலும் இன்னொன்று நடுவிலும் மற்றொன்று அடிமரத்தை ஒட்டியும் அதிக நேரம் தேடுவது தெரிந்தது.

போட்டி என்றால் சண்டை என்று நினைத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் அப்படி இல்லை. ஸ்காட்லாந்தின் கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்ற ஓடுள்ள சிற்றுயிரின் இரண்டு வகைகளை ஜோசப் கானல் ஆராய்ந்தார், கட்டுரை 1961-ல் வந்தது. சிறிய வகை பாறையின் மேல்பகுதியில் மட்டும் இருக்கும், பெரிய வகை கீழ்ப்பகுதியில். சிறியதற்கு மேலேதான் பிடிக்கும் போல என்று யாருக்கும் தோன்றும். கானல் சில இடங்களில் பெரிய வகையைச் சுரண்டி எடுத்தார், சிறியது கீழேயும் நன்றாகவே வளர்ந்தது. அதை மேலே ஒதுக்கியது பெரியதுதான், அதன் மேலேறி வளர்ந்தும் அடியில் நெம்பிப் பெயர்த்தும். பெரியது ஏன் மேலே வரவில்லை? அலை இறங்கிய பிறகு அடிக்கும் வெயிலையும் உலர்வையும் அதனால் தாங்க முடியாது, சிறியது தாங்கும்.

வேட்டையாடும் விலங்கு இல்லாமல் போனால் இரைக்கு நல்லதுதானே?

அந்த ஓர் இரை இனத்துக்குக் கொஞ்ச காலம் நல்லதாக இருக்கலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

1963-ல் ராபர்ட் பெய்ன், வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கடலோரத்தில் ஒரு பாறைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்த நட்சத்திர மீன்களைப் பெயர்த்துப் பெயர்த்துக் கடலுக்குள் வீசினார், திரும்பத் திரும்ப, ஆண்டுக்கணக்கில். பாறையில் ஒட்டியிருக்கும் அவற்றைக் கையால் எடுக்க முடியாது, கடப்பாரை வேண்டும். நட்சத்திர மீனின் முக்கிய இரை மட்டி. அதைத் தின்ன ஆளில்லாமல் போனதும் மட்டி பரவிப் பாறையை மூட ஆரம்பித்தது, இடமில்லாமல் மற்றவை வெளியேறின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆனது. அதாவது அந்த நட்சத்திர மீன் மட்டியைத் தின்றதால்தான், அது தொடவே தொடாத பாசிகளுக்கும் இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. கட்டட வளைவின் உச்சியில் உள்ள ஒற்றைக் கல்லை உருவினால் வளைவே சரியும், அதுபோல என்று சொல்லி 1969-ல் இத்தகைய இனத்துக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ஆதார இனம் என்று சொல்லலாம்.

கடல் நீர்நாயின் கதையும் இதே வகைதான். ரோமத்துக்காக 18, 19-ம் நூற்றாண்டுகளில் வேட்டையாடப்பட்டு, 1911-ல் ஒப்பந்தம் போட்டுப் பாதுகாக்கும்போது கிட்டத்தட்ட அழியும் நிலைக்கு வந்துவிட்டது. நீர்நாய் இல்லாத தீவுகளில் அதன் இரையான, முள்பந்து போன்ற கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் என்ற பெரும் பாசிக் காடுகளை அடியோடு மேய்ந்துவிட்டதையும், நீர்நாய் இருந்த தீவுகளில் அந்தக் காடு செழித்து நின்றதையும் 1970-களில் ஜேம்ஸ் எஸ்டஸும் அவருடைய சகாக்களும் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிடித்துத் தின்பது மட்டுமே பாதிப்பு என்று நினைக்காதீர்கள், பயமே பாதிக்கும். கனடாவில் ஒரு குருவி இனத்தின் கூடுகளை எதிரிகள் எதுவும் நெருங்க முடியாதபடி வலையும் மின்வேலியும் போட்டுக் காத்து, எதிரிகளின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஒரு குருவிகூட இரையாகவில்லை. ஆனாலும் ஆபத்தில்லாத ஒலிகளைக் கேட்ட குருவிகளைவிட இவை வளர்த்தெடுத்த குஞ்சுகள் 40 சதவீதம் குறைவு. முட்டை குறைவாக இட்டன, கூட்டை விட்டு அடிக்கடி பறந்தன, குஞ்சுக்கு இரை கொண்டுவருவதும் குறைந்தது. 2011-ல் வந்த முடிவு இது. முதல் தடவை படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

முயலும் அதைத் தின்னும் லின்க்ஸ் பூனையும் மாறி மாறி ஏறி இறங்கும் வரைபடம் பாடத்தில் வருமே, அது அவ்வளவு எளிதா?

அவ்வளவு எளிதில்லை. ஹட்சன் பே கம்பெனியின் பழைய தோல் வணிகக் கணக்குகளிலிருந்து வந்த வரைபடம் அது. சுமார் 10 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்பது உண்மை. ஆனால் கனடாவின் யூகான் பகுதியில் சார்லஸ் கிரெப்ஸ் குழு பெரிய அளவில் சோதித்து 1995-ல் எழுதியதைப் பாருங்கள். தரையில் வரும் எதிரிகளை மட்டும் வேலி போட்டுத் தடுத்தால் முயல்களின் அடர்த்தி 2 மடங்கானது. உணவு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் 3 மடங்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 11 மடங்கு! அப்படியானால் அந்தக் கதையில் இருவர் இல்லை, முயல் தின்னும் செடியையும் சேர்த்துக் குறைந்தது மூவர்.

ஓநாய்கள் திரும்பி வந்து அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஆற்றையே மாற்றிவிட்டன என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1920-களில் அங்கே ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் வில்லோ, ஆஸ்பன் மரங்கள் மறுபடி வளர்ந்தன. இது வரை சரி. ஆனால் மான்கள் குறைந்ததில் கரடிக்கும் கூகர் சிறுத்தைக்கும் மனித வேட்டைக்கும் பங்கு உண்டு. அதைவிட முக்கியமானது, ஓநாய் இல்லாத காலத்தில் அணை கட்டும் பீவர்களும் ஓடைகளை விட்டுப் போய்விட்டன. அணை போனதால் ஓடைகள் ஆழமாக அரித்துக்கொண்டு நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. அங்கே 20 ஆண்டுகள் நடந்த ஒரு களச் சோதனையில், செயற்கையாகச் சிறு அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்திய இடங்களில்தான் வில்லோ நன்றாக உயர்ந்தது.

ஓர் உயிரினத்தை எடுத்துவிட்டு 70 ஆண்டு கழித்துத் திருப்பி வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நம்பிக்கை ஆபத்தானது, 'இப்போது அழிந்தால் என்ன, பிறகு கொண்டுவந்துவிடலாம்' என்று நினைக்க வைக்கும்.

ஒட்டுண்ணி என்றாலே கெட்டதுதானே?

நம் மொழியே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. கூட இருந்தே கெடுப்பவரைப் 'புல்லுருவி' என்று திட்டுகிறோம். நிஜப் புல்லுருவியை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? மரக்கிளையில் வேறு நிற இலையோடு ஒரு கொத்தாகத் தொங்கும். தன் இலையில் உணவைத் தானே தயாரிக்கும், தண்ணீரையும் தாதுக்களையும் மட்டும் கிளையில் துளைபோட்டு உறிஞ்சும். அதன் பழத்துக்குள் விதையைச் சுற்றிப் பசைபோல ஒன்று இருக்கும். பழத்தைத் தின்ற சின்னப் பறவையின் எச்சத்தில் அந்தப் பசை நூல்போல இழுபடும், பறவை தன் பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத் துடைக்கும். விதை போய் ஒட்ட வேண்டிய இடமும் அதே கிளைதான்.

ஆஸ்திரேலியாவில் சில காட்டுத் துண்டுகளில் இருந்த புல்லுருவிகளை முழுவதுமாக வெட்டி எடுத்தார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். மரத்துக்குச் சுமை குறைந்தது, காடு செழிக்க வேண்டும் அல்லவா? மூன்று ஆண்டு கழித்து, வெட்டிய காடுகளில் பறவை இனங்களில் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. முடிவுகள் 2012-ல் வெளியாயின. புல்லுருவிப் பழம் தின்னும் பறவைகள் போவது புரிகிறது, ஆனால் பூச்சி தின்னும் பறவைகளும் போயிருந்தன. புல்லுருவி சத்து நிறைந்த இலைகளை ஆண்டு முழுக்கத் தரையில் உதிர்க்கிறது, அந்தச் சருகில் பூச்சி பெருகுகிறது, அதை நம்பித் தரையில் இரை தேடும் பறவைகள் வாழ்கின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஒரு மரத்தைக் கேட்டால் புல்லுருவி எதிரிதான். காட்டைக் கேட்டால் பதில் வேறு.

குயில் காக்கையை ஏமாற்றுகிறது. அதிலுமா காக்கைக்கு லாபம்?

பெரும்பாலும் இல்லை, நட்டம்தான். ஆனால் ஸ்பெயினில் ஒரு புள்ளிக் குயில் இனம் அங்குள்ள காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைப் பல ஆண்டுகள் கவனித்து 2014-ல் எழுதினார்கள். அந்தக் குயில் குஞ்சைப் பிடித்தால் குமட்டும் நாற்றம் கொண்ட ஒரு திரவத்தைப் பீய்ச்சும், பூனையும் வேட்டைப் பறவையும் விலகும். அதனால் கூடு சூறையாடப்படும் ஆண்டுகளில், குயில் குஞ்சு இருந்த கூடுகளில் ஒரு காக்கைக் குஞ்சாவது தப்பிப் பறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எதிரிகள் குறைவான ஆண்டுகளில் அதே குயில் குஞ்சு வெறும் பாரம். பறவையும் கூடும் மாறவில்லை, ஆண்டு மட்டும் மாறியது.

பரஸ்பர உதவியில் ஏமாற்று நடக்காதா?

நடக்கும், அதைத் தடுக்கும் ஏற்பாடும் இருக்கும். அத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம், ஆனால் அத்தி ஒளிந்துகொண்டு பூத்துத் தள்ளுகிறது. நாம் பழம் என்று சொல்வதன் உள்சுவர் முழுக்கப் பூக்கள்தான். நுனியில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாகத் தலையை நுழைத்து உள்ளே போகும் பெண் குளவிக்குச் சிறகு பிய்ந்துவிடும், அது திரும்பி வரப்போவதில்லை. கொண்டுவந்த மகரந்தத்தைத் தூவி, சில பூக்களில் முட்டையிட்டுச் செத்துப்போகும். அடுத்த தலைமுறையில் ஆண் குளவிகள் முதலில் வெளிவரும், அவற்றுக்குச் சிறகே கிடையாது. இனப்பெருக்கம் செய்து, பெண்கள் வெளியேற வழி குடைந்துவிட்டு, பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகும்.

குளவி மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டால்? சில அத்தி இனங்களில் மரம் அந்தக் காயை உதிர்த்துவிடுகிறது, உள்ளிருக்கும் குளவிக் குஞ்சுகளோடு. சோயா செடியும் இப்படித்தான். வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா நைட்ரஜனைத் தராத நிலையை ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கியபோது, அந்த முடிச்சுக்குப் போகும் ஆக்சிஜனைச் செடி குறைத்தது.

பவளப்பாறையில் மற்ற மீன்களின் உடலில் ஒட்டியுள்ள உண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீனுக்கு உண்மையில் பிடித்தது உண்ணி இல்லை, அந்த மீனின் மேல் உள்ள வழுவழுப்பான சளி. அதைக் கடித்தால் வாடிக்கையாளர் சட்டென்று உதறும், துரத்தும், இல்லாவிட்டால் வேறு துப்புரவு மீனிடம் போய்விடும். வரிசையில் இன்னொரு மீன் பார்த்துக்கொண்டிருந்தால் துப்புரவு மீன் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள்.

ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற உறவு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கலாம், நிரூபிப்பது கடினம். 'ஒன்றுமில்லை' என்பதை எப்படி அளப்பது? மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள். பெயரில் உண்ணி இருந்தாலும் அது முக்கியமாகத் தின்பது மாட்டின் கால் பட்டுக் கிளம்பும் வெட்டுக்கிளி போன்றவற்றைத்தான். இதற்கு எதிர்ப்பக்கம் ஆப்பிரிக்காவின் உண்ணிகொத்திப் பறவை. உண்ணி தின்று உதவுகிறது என்று நெடுங்காலம் நம்பினோம், ஆனால் அது காயத்தைக் கொத்தி ஆறவிடாமல் ரத்தமும் குடிக்கிறது. சரி, ஒட்டுண்ணி என்று எழுதிவிடலாமா என்றால், பார்வை மங்கலான கறுப்புக் காண்டாமிருகத்துக்கு மனிதர் வருவதைக் கத்தி எச்சரிப்பதும் அதே பறவைதான்.

ஒரு சின்ன எறும்பு சிங்கத்தின் உணவை மாற்றுமா?

மாற்றியிருக்கிறது. கென்யாவின் புல்வெளிகளில் ஒரு வேலமர வகை உண்டு. முள்ளின் அடி கொட்டைபோல உப்பி உள்ளே பொந்தாக இருக்கும், எறும்பு போட்ட ஓட்டையில் காற்று புகுந்தால் சீழ்க்கை அடிக்கும். எறும்புக்குப் பொந்து வீடு, இலைக்காம்பில் தேன் சாப்பாடு. கைமாறாக, யானை தும்பிக்கையை நீட்டினால் அதற்குள் புகுந்து கடிக்கும். அவ்வளவு பெரிய யானை விலகிப் போகும்.

பெருந்தலை எறும்பு என்ற அயல் இனம் அந்தப் பகுதிக்கு வந்தது. உள்ளூர் எறும்புகளைக் கொன்றது, ஆனால் மரத்தைக் காக்கவில்லை. யானைகள் தைரியமாக மரங்களை ஒடித்துத் தின்றன, வெளி திறந்தது. சிங்கம் வரிக்குதிரையைப் பதுங்கிப் பிடிக்க மறைவு வேண்டும், மறைவு போய்விட்டது. 2003-ல் சிங்கங்கள் கொன்றவற்றில் 67 சதவீதம் வரிக்குதிரை. 2020-ல் 42 சதவீதம். அந்த இடைவெளியில் காட்டெருமையின் பங்கு பூஜ்யத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. 2024-ல் வெளிவந்த ஆய்வு இது.

இதே மரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேலி போட்டு யானை, ஒட்டகச்சிவிங்கி போன்றவற்றைப் பத்தாண்டு உள்ளே விடாமல் வைத்துப் பார்த்தார்கள். தின்ன வருபவர் இல்லாததால் மரம் தேனையும் பொந்துகளையும் குறைத்தது. காவல் எறும்புகள் நலிந்தன, காவல் காக்காத வேறொரு எறும்பு இனம் இடம்பிடித்தது, அதற்கு வேண்டியது வண்டு குடைந்த துளைகள்தான். கடைசியில் மேய்ச்சலே இல்லாத அந்த மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. எதிரியைத் தடுத்தார்கள், நட்பு முறிந்தது.

இதையெல்லாம் நேரில் பார்க்கப் பெரிய காட்டுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். எந்தச் செடியிலாவது இளந்தளிரின் அடியைத் திருப்பிப் பாருங்கள், அசுவினிக் கூட்டம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாறு உறிஞ்சிக்கொண்டு அசையாமல் இருக்கும். பக்கத்தில் எறும்பு இருந்தால் அதையே பின்தொடருங்கள். அது உணர்கொம்பால் அசுவினியைத் தட்டும், அசுவினியின் பின்னால் ஒரு துளி இனிப்பு நீர் வரும், எறும்பு குடிக்கும். பொறிவண்டு வந்தால் எறும்பு விரட்டும். இதே எறும்பு, வேறு இடத்தில் சர்க்கரை நிறையக் கிடைத்தால் அசுவினியைத் தின்னவும் செய்யும். அசுவினியின் உடலுக்குள்ளே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது, செடிச் சாற்றில் போதுமான அளவு இல்லாத அமினோ அமிலங்களை அதுதான் செய்து கொடுக்கிறது, இரண்டும் ஒன்றில்லாமல் மற்றொன்று பிழைக்காது.

ஒரு லென்ஸ் இருந்தால் இன்னும் கொஞ்சம் தேடுங்கள். கூட்டத்தின் நடுவே ஒன்றிரண்டு அசுவினிகள் மட்டும் பழுப்பாக, உப்பிப்போய், காகிதம் மாதிரி காய்ந்து இருக்கும். உள்ளே ஒரு குட்டிக் குளவி வளர்ந்திருக்கிறது, அசுவினியை உள்ளிருந்தே தின்றுவிட்டு. முதுகில் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஒரு துளை இருந்தால் அந்தக் குளவி வெளியேறிவிட்டது. துளையின் விளிம்பு வட்டமாக இல்லாமல் பிசிறு பிசிறாகக் கடித்த மாதிரி இருந்தால், வெளியே வந்தது பெரும்பாலும் அந்தக் குளவியாக இருக்காது. அதற்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளர்ந்த இன்னொரு குளவியாக இருக்கும்.